காது கேட்காத குழந்தைக்கு ஒரு ஈசிஜி எடுங்கள்

காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட்டுக்குக் குழந்தையைத் தூக்கி வரும் பெற்றோரிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்விகள் இரண்டு. சொந்தத்தில் கட்டினீர்களா? குழந்தைக்கு எப்போதாவது ஃபிட்ஸ் வந்திருக்கிறதா? முதல் கேள்விக்கு யாரும் ஆச்சரியப்படுவதில்லை, மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டும் வழக்கமும் அதனால் பிறவிக் காது கேளாமை கூடுவதும் நம் பக்கம் எல்லோருக்கும் ஓரளவு தெரியும். இரண்டாவதுக்குத்தான் "காதுக்கும் ஃபிட்ஸுக்கும் என்னங்க மேடம் சம்பந்தம்?" என்பார்கள். சில குழந்தைகளுக்குச் சம்பந்தம் உண்டு. அது ஒரு பொட்டாசியம் சேனலில் இருக்கிறது.

இதயம் ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் அதன் செல்களுக்குள் சோடியமும் கால்சியமும் நுழைகின்றன. அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டுமென்றால் பொட்டாசியம் வெளியேறி மின்னழுத்தத்தைப் பழைய நிலைக்கு இறக்க வேண்டும். அந்த வழிதான் சேனல், செல்லின் மேலுறையில் பதிந்திருக்கும் ஒரு புரதம். அதில் நேர்மின்னேற்றம் கொண்ட ஒரு பகுதி மின்னழுத்தம் மாறியதும் நகர்ந்து வழியைத் திறக்கிறது. இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் கணவாய் மீனின் தடித்த நரம்பில் மின்னோட்டத்தை அளந்தே 1952-இல் சொல்லிவிட்டார்கள். பொட்டாசியத்தைவிடச் சிறிய சோடியம் ஏன் அதற்குள் புக முடிவதில்லை என்பது 1998-இல் மெக்கினன் என்ற விஞ்ஞானி ஒரு பாக்டீரியாச் சேனலின் வடிவத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் விளங்கியது: உள்ளே ஆக்சிஜன் அணுக்கள் பொட்டாசியத்துக்கு அளவெடுத்த மாதிரி நிற்கின்றன, சோடியம் சிறியது, அவற்றை எட்டிப் பிடிக்க முடியாது. அவருக்கு 2003-இல் நோபல் கிடைத்தது.

மனிதரிடம் இந்த வகைச் சேனல்களுக்கு மட்டும் சுமார் 40 மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றில் கேசிஎன்க்யூ1 என்பது இதயத்திலும் வேலை செய்கிறது, உட்செவியிலும் வேலை செய்கிறது. உட்செவியின் காக்ளியா என்ற பகுதிக்குள் இருக்கும் திரவம் உடம்பிலேயே விசித்திரமானது. ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல், அந்தத் திரவத்திலோ 150 அளவுக்கு. ஒலி வந்து மயிர் செல்களை அசைக்கும்போது அந்தப் பொட்டாசியம் உள்ளே பாய்வதால்தான் நமக்குக் கேட்கிறது. அதை அங்கே கொண்டு சேர்ப்பது இந்தச் சேனல். அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் வந்த அந்த மரபணுவின் இரண்டு பிரதியுமே பழுது என்றால் திரவம் சேராது, அறை சுருங்கிவிடும், குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே கேட்காது.

அதே குழந்தையின் இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் பழைய நிலைக்கு வர அதிக நேரம் எடுக்கிறது. ஓடும்போது, நீந்தும்போது, பயப்படும்போது அட்ரினலின் சுரந்து இந்தச் சேனலைத்தான் முடுக்கிவிட வேண்டும், ஆனால் முடுக்குவதற்கு அங்கே எதுவும் இல்லை. துடிப்பு தாறுமாறாகி மூளைக்கு ரத்தம் நின்று, குழந்தை விழுந்து கை கால் வெட்டும். பார்ப்பவர்களுக்கு அது வலிப்புதான். வலிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், இதயத்தை யாரும் பார்ப்பதில்லை.

1856-இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் காது கேளாதோர் பள்ளி மாணவி ஒருத்தியைச் சிறு தவறு ஒன்றுக்காகக் கண்டிக்க அழைத்தபோது அங்கேயே விழுந்து இறந்தாள் என்று மைஸ்னர் என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார். பெற்றோர் அதிர்ச்சியடையவில்லையாம், ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் பயத்திலும் கோபத்திலும் இப்படியே போயிருந்தார்கள். நூறு வருடம் கழித்து, 1957-இல், நார்வேயில் யெர்வெலும் லாங்கே-நீல்சனும் இப்படி ஒரு குடும்பத்தின் ஈசிஜியை வைத்து நோயை விவரித்தார்கள், அவர்கள் பெயரே நோய்க்கு நிலைத்தது: யெர்வெல் லாங்கே-நீல்சன் சிண்ட்ரோம். மரபணுக் காரணம் தெரிந்தது 1997-இல்.

அபூர்வமான நோய்தான், மறுக்கவில்லை. ஆனால் சிகிச்சை இல்லாவிட்டால் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் 15 வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள், கண்டுபிடிக்கவோ ஒரு ஈசிஜி போதும். இதயம் துடித்துப் பழைய நிலைக்கு வரும் நேரத்தை ஈசிஜியில் காட்டும் க்யூடி இடைவெளி பெரும்பாலும் 500 மில்லி செகண்டைத் தாண்டி நிற்கும், ஈசிஜி தாளில் சொன்னால் பன்னிரண்டரைச் சின்னக் கட்டம். மெஷின் அச்சடிக்கும் எண்ணை மட்டும் நம்பாமல் டாக்டரையே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உட்செவிக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் ஆபரேஷனுக்குப் போகிற குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கும் முன் ஈசிஜி எடுத்துவிடுவார்கள். ஹியரிங் எய்டோடு வீட்டுக்குப் போகிற குழந்தைக்கு யார் எடுப்பது? என் கவலையெல்லாம் இதுதான்.

தெரிந்துவிட்டால் செய்ய நிறைய இருக்கிறது. தினமும் புரோப்ரனலால் மாதிரி ஒரு பீட்டா பிளாக்கர், அதாவது இதயத்தின் மேல் அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் மாத்திரை, தேவைப்பட்டால் துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடி கருவி நெஞ்சுக்குள். அப்புறம் மருந்துக்கடை விஷயம். இதயத்தில் ஹெர்க் என்று இன்னொரு பொட்டாசியம் சேனல் இருக்கிறது, அதை அடைத்தால் க்யூடி நீளும், அப்படி அடைக்கும் மருந்துகள் எக்கச்சக்கம். சிசாப்ரைடு என்ற வயிற்று மருந்து இதனால்தான் இந்தியாவில் 2011-இல் தடை செய்யப்பட்டது. ஆனால் அசித்ரோமைசின், டோம்பெரிடோன், ஆன்டன்செட்ரான் எல்லாம் இன்றும் எல்லோருக்கும் கொடுப்பவை, மற்றக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. இந்தக் குழந்தைக்கு, அதுவும் வாந்தி பேதியில் பொட்டாசியம் இறங்கியிருக்கும் நேரத்தில், அவை ஆபத்து. எந்த டாக்டரிடம் போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்லிவிடுங்கள்.

ஈசிஜியில் சந்தேகம் வந்தால் காது நன்றாகக் கேட்கிற அண்ணன் தங்கைக்கும், அப்பா அம்மாவுக்கும் சேர்த்து எடுங்கள். ஒரே ஒரு பிரதி பழுதாக இருந்தால் காதுக்கு ஒன்றும் ஆகாது, க்யூடி மட்டும் நீண்டிருக்கலாம்.