ஒன்பது நாள் ஆரஞ்சு: துப்பாக்கி சீசனில் வில்லோடு மூன்று வருஷம்

வில் வேட்டை பழக ஆரம்பித்த முதல் இரண்டு வருஷம், துப்பாக்கி சீசனுக்கு முந்தின நாளே வில்லைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவேன். பயம்தான், வேறென்ன. நான் இருக்கும் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வில் சீசன் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை போகும். நடுவில், நவம்பர் நாலாவது வியாழனில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் துப்பாக்கி மான் வேட்டை. அந்த நாட்களிலும் வில்லோடு போகத் தடை இல்லை, ஆனால் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் துப்பாக்கி வேட்டை லைசென்ஸ் எடுத்துக் காட்டுக்குள் இறங்கும் ஒன்பது நாள் அது. 2022-ல்தான், சரி, போய்த்தான் பார்ப்போமே என்று பிளாக் ரிவர் அரசுக் காட்டுக்கு வண்டியைக் கிளப்பினேன்.

கஷ்டம் எங்கே என்றால், அதற்கு முந்தின இரண்டு மாதமும் நான் பழகியது ஒளிந்துகொள்ள. வில்லுக்கு மான் இருபது, இருபத்தைந்து கெஜத்துக்குள் வரவேண்டும், அதனால் மரத்தோடு மரமாக, இலையோடு இலையாக இருக்கப் பழகுகிறோம். துப்பாக்கி சீசன் தொடங்கிய காலையில் அந்தப் பழக்கத்தை அப்படியே தலைகீழாக்க வேண்டியிருக்கிறது. மானுக்குத் தெரியாமல் இருக்கவேண்டும், மனுஷனுக்குப் பளிச்சென்று தெரியவேண்டும். சட்டம் இங்கே தெளிவு: இடுப்புக்கு மேலே வெளியில் தெரியும் உடையில் பாதியாவது பளீர் ஆரஞ்சாகவோ பளீர் பிங்க்காகவோ இருக்கவேண்டும், தொப்பி போட்டால் அதிலும் பாதி. கையில் இருப்பது வில்தானே என்ற விலக்கு கிடையாது. நானும் ஒரு ஆரஞ்சு வெஸ்ட், ஒரு ஆரஞ்சு குல்லா வாங்கி மாட்டிக்கொண்டு, வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினேன். "என்னடா, சாமியாராப் போயிட்டியா?" என்றார்.

முதல் நாள் காலை ஆறரை மணிக்கெல்லாம் தீபாவளி விடியல் மாதிரி நாலா பக்கமும் வெடிச்சத்தம். பரணில் (மரத்தில் கட்டி மேலே உட்காரும் ட்ரீ ஸ்டாண்டுக்கு நான் வைத்திருக்கும் பெயர்) உட்கார்ந்து, எந்தச் சத்தம் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டே பாதி நாள் போனது. மான் ஒன்றும் வரவில்லை. மாலை நான்கரைக்குச் சூரியன் இறங்கும் நேரம், பரணைக் கழற்றி முதுகில் சுமந்துகொண்டு (இந்தப் பகுதி அரசுக் காட்டில் அன்றன்றைக்குக் கழற்றி எடுத்து வந்துவிட வேண்டும்) காருக்கு நடந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. திரும்பினால் எண்பது கெஜம் தள்ளி ஒரு பெரியவர், ரைபிளைக் கீழே தாழ்த்திப் பிடித்தபடி நிற்கிறார். பழுப்பாக ஏதோ நகருவது மட்டும்தான் தெரிந்தது, நல்லவேளை நின்று பார்த்தேன் என்றார். எனக்குப் புரியவே இல்லை. உடம்பில் ஆரஞ்சு இருக்கிறதே?

விஷயம் வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. மறுநாள் சாயங்காலம் அதே மூட்டை முடிச்சோடு பக்கத்துப் பார்க்கில் நூறு கெஜம் நடந்துபோய், மனைவியைப் போட்டோ எடுக்கச் சொன்னேன். "என்னங்க, முன்னாடி பாத்தா சாமியார், பின்னாடி பாத்தா மரக்கட்டை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். பரண், பை, மரத்திலிருந்து விழாமல் காக்கும் ஹார்னஸ் பட்டைகள் எல்லாம் சேர்ந்து முதுகு ஆரஞ்சை முழுசாக மூடியிருந்தன. குல்லாவையும் வியர்க்கிறது என்று கழற்றிப் பாக்கெட்டில் வைத்திருந்தேன், அது தனி முட்டாள்தனம். கடையில் வாங்கும்போது இருக்கும் ஆரஞ்சு வேறு, சுமையோடு நடக்கும்போது வெளியே மிச்சமிருக்கும் ஆரஞ்சு வேறு என்பது எனக்கு அந்தப் போட்டோவில்தான் உறைத்தது.

அதற்கப்புறம் செய்த மாற்றங்கள் சின்னவைதான். ஜாக்கெட்டுக்கும் ஹார்னஸுக்கும் மேலே போடுகிற மாதிரி இரண்டு சைஸ் பெரிய வெஸ்ட் வாங்கி, கழுத்துக்குப் பின்னால் ஹார்னஸ் கயிறு வெளியே வர ஒரு கிழிசல் வைத்து ஓரம் தைத்துக்கொண்டேன். பைக்கு ஆரஞ்சு மழை உறை. பரணைச் சுமக்கும்போது அதன் மேலேயும் ஒரு ஆரஞ்சுத் துணி. இருட்டில் போகும்போதும் வரும்போதும் நெற்றி விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மான் பார்த்துவிடுமே என்று முதல் வருஷம் அணைத்து வைத்திருந்ததை நினைத்தால் இப்போது வயிற்றைக் கலக்குகிறது. வெள்ளைக் கைக்குட்டை, வெள்ளைக் கையுறை எதுவும் எடுத்துப் போவதில்லை, ஏனென்றால் இங்கிருப்பது வெள்ளைவால் மான், ஓடும்போது தூக்கும் அந்த வாலைத்தான் எல்லோர் கண்ணும் தேடிக்கொண்டிருக்கும்.

மானுக்கு ஆரஞ்சு தெரியாதா என்று நண்பர்கள் கேட்பார்கள். மானின் கண்ணில் நமக்கு இருப்பதுபோல் சிவப்பை வாங்கும் கூம்புச் செல்கள் இல்லை. நம் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு அதற்கு மங்கலான ஏதோ ஒரு நிறம். நீலப் பக்கம்தான் அதற்குக் கூர்மை. அதனால் வெஸ்டைத் துவைக்கும்போது 'வெள்ளையை மேலும் வெண்மையாக்கும்' ரக சோப்புத்தூளைத் தொடுவதில்லை, அதிலிருக்கும் மினுக்குப் பொருள் நீலமாக ஒளிரும். என் அனுபவத்தில் மான் மிரண்டதெல்லாம் நான் அசைந்ததால்தான், நிறத்தால் இல்லை.

2023-ல் புத்திசாலித்தனமாக நினைத்துக்கொண்டு பரணை விட்டுத் தரையில் விரிக்கும் மறைப்புக் கூடாரத்துக்கு மாறினேன். குளிருக்கு இதம், அசைந்தாலும் தெரியாது. ஆனால் உள்ளே உட்கார்ந்தால் நான் போட்டிருக்கும் ஆரஞ்சு யாருக்கும் தெரியாதே. அரசு நிலத்தில் துப்பாக்கி சீசனில் கூடாரத்துக்கு வெளியே எல்லாத் திசையிலிருந்தும் தெரியும்படி குறைந்தது 144 சதுர அங்குலம், அதாவது ஒரு அடிக்கு ஒரு அடி, ஆரஞ்சோ பிங்க்கோ காட்டவேண்டும் என்பது விதி. எனக்கு அது போதவில்லை, ஒரு முழ அகலத் துணியை நாலு பக்கமும் வளைத்துக் கட்டினேன். இரண்டாம் நாள் மதியம் ஏழெட்டுப் பேர் வரிசையாக நடந்து மானை விரட்டிக்கொண்டு என் பக்கம் வந்தார்கள். அந்தப் பக்கம் காத்திருப்பவர்கள் சுடுவார்கள், நடுவில் நான். சத்தமாகக் குரல் கொடுத்தேன். கையை ஆட்டக்கூடாது, அசைவைப் பார்த்து மான் என்று நினைக்கும் கண் எப்போதும் ஒன்று இருக்கும். அவர்கள் துணியை முன்னமே பார்த்துவிட்டார்கள் போல, விலகிச் சுற்றிப் போனார்கள். கூடாரத்துக்குள் இருந்த எனக்குத்தான் அவர்கள் முப்பது கெஜத்துக்கு வரும்வரை தெரியவில்லை. அன்றோடு அதை மடித்து வைத்தேன்.

2024-ல் மறுபடியும் பரண். ஆனால் இடம் தேர்வு செய்யும் விதம் மாறியிருந்தது. ரைபிள் குண்டு குறி தவறினால் இரண்டு கிலோமீட்டர் தாண்டியும் போகும், அதனால் மேட்டின் உச்சியில் உட்காருவதில்லை, பின்னால் சரிவும் அடர்த்தியான இளம் பைன் கூட்டமும் இருக்கும் இடமாகப் பார்க்கிறேன். அங்கே ரைபிள்காரர்களுக்குத் தூரப் பார்வை கிடைக்காது, வர விரும்பவும் மாட்டார்கள். வில்லுக்கோ அந்த நெருக்கம்தான் வேண்டும். அடிமரத்தைச் சுற்றி ஒரு ஆரஞ்சுப் பட்டை, பின்பக்கம் வருபவருக்கு. காலையில் கார் நிறுத்துமிடத்தில் இருப்பவர்களிடம் போய் நான் எங்கே உட்காரப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்வேன். இடத்தைச் சொல்ல வேட்டைக்காரனுக்கு மனசு வராது, எனக்கும்தான். சொல்லித்தான் ஆகவேண்டும். சனி, ஞாயிறை மற்றவர்களுக்கு விட்டுவிட்டுப் புதன்கிழமைதான் போனேன், கூட்டம் பாதிக்கும் கீழே.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஒரு பெட்டை மான், எங்கோ யாரோ கிளப்பிவிட்டது, பைன் ஓரமாக ஓடாமல் நடந்தே வந்தது. ஓடியிருந்தால் விட்டிருப்பேன், மிரண்டு ஓடும் மானுக்கு அம்பு விடுவது சரியில்லை. பதினெட்டு கெஜம். அம்பை விட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திருந்து, இறங்கி, ரத்தத் தடத்தைப் பின்தொடர்ந்தேன். வேறொருவர் அதே மானைத் தேடி வரலாம் என்பதால் சத்தமாகப் பேசிக்கொண்டே போனேன், தமிழில்தான், கேட்பவர்கள் என்ன நினைத்தார்களோ. தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நடப்பதெல்லாம் இங்கே தற்கொலைக்குச் சமம். கழற்றிய ஆரஞ்சு மழை உறையை மானின் மேல் சுற்றிக் கட்டித் தரையோடு இழுத்து வந்தேன். முக்கால் மைல், மூன்று மணி நேரம், முதுகு இன்னும் வலிக்கிறது.

வெஸ்ட் மூன்று வருஷ வெயிலில் வெளுத்துப் பீச் பழ நிறத்துக்கு வந்துவிட்டது, இந்த வருஷம் மாற்றவேண்டும். 2016-லிருந்து பிங்க்கும் செல்லும் என்பதால் மனைவி அதை வாங்கச் சொல்கிறாள். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.