ஊட்டி வீட்டுப் புல்தரைக்கு யூரியாவை விடச் சுண்ணாம்பு முக்கியம்

நீலகிரியிலோ கொடைக்கானலிலோ வீட்டு முற்றத்தில் தானாகப் படர்ந்து நிற்பது பெரும்பாலும் கிக்குயு புல்தான். கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்துப் புல் என்பதால் 2,000 மீட்டர் உயரமும் குளிரும் அதற்குப் பிறந்த ஊர் மாதிரி. அதைப் பிடுங்கிவிட்டுச் சமவெளி நர்சரியிலிருந்து கார்பெட் புல் வாங்கி ஒட்டுவது வீண் செலவு. இரண்டு மழைக்காலம் போனால் கிக்குயுவே திரும்ப வந்து மூடிவிடும். இருப்பதை வைத்துக்கொண்டு பராமரிப்பதே சுலபம்.

புல் மஞ்சளானதும் எல்லோரும் யூரியாவைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் மலை மண்ணின் முதல் குறை புளிப்பு. மழை சுண்ணாம்புச் சத்தை அரித்துக் கொண்டுபோவதால் புளிப்பை அளக்கும் பி.எச். (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5-க்குக் கீழே இறங்கிக் கிடப்பது இங்கே சகஜம். அந்த மண்ணில் போட்ட உரம் புல்லுக்குச் சரியாகக் கிடைக்காது, பாசிக்குத்தான் கொண்டாட்டம். மண்ணைப் பரிசோதித்து, 5.5-க்குக் கீழே இருந்தால் சென்ட்டுக்கு 8 கிலோ டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்) தூவுங்கள். கோடை மழைக்கு முன்னால், மார்ச் கடைசியில் தூவினால் மழையே அதை உள்ளே இறக்கிவிடும். டோலமைட்டையும் யூரியாவையும் ஒரே சமயத்தில் போடக்கூடாது, தழைச்சத்து அம்மோனியாவாகி ஆவியாகப் போய்விடும். நடுவில் மூன்று வாரமாவது இடைவெளி வேண்டும்.

யூரியா சென்ட்டுக்கு 400 கிராம், ஏப்ரல் கடைசியில் ஒருமுறை போதும். ஊட்டியில் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் செப்டம்பரில் இன்னொரு முறை போடலாம். கொடைக்கானலில் பெருமழை அக்டோபர், நவம்பரில் வருவதால் அங்கே ஆகஸ்டிலேயே முடித்துவிட வேண்டும். இதற்கு மேல் போடும் ஒவ்வொரு பிடியும் புல்வெட்டும் மெஷினைக் கூடுதலாகத் தள்ளத்தான் வைக்கும். கிக்குயு அவ்வளவு வேகமாக ஓடும்.

வெட்டும் உயரத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. கிக்குயுவின் பச்சை மேல்பக்கம் மட்டுமே, அடியில் பழுப்புத் தண்டுகள் பாய்போலப் பின்னிக் கிடக்கும். 2 செ.மீ.க்கு ஒட்ட வெட்டினால் பாய்தான் மிஞ்சும், திரும்பப் பச்சை வர வாரக்கணக்காகும். டிசம்பரில் அப்படி வெட்டிவிட்டால் ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதுதான். 7, 8 செ.மீ. வளர்ந்ததும் 5 செ.மீ.க்கு வெட்டுங்கள். வெட்டிய மறுநாள் நுனியெல்லாம் வெளுத்து நார்நாராகத் தெரிந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். வெயில் நாளில் வெட்டிய தூளை அங்கேயே விடலாம், அதுவே உரம். மழை நாளில் அது கட்டிகட்டியாக ஒட்டி அடியில் இருப்பதை அழுக வைக்கும், வாரிவிடுங்கள். பாய் 2 செ.மீ. தடிமனைத் தாண்டினால் தண்ணீர் உள்ளே இறங்காது. ஏப்ரலில் இரும்பு வாரியால் அழுத்திச் சீவி எடுக்க வேண்டும்.

பாசிக்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்): சென்ட்டுக்கு 200 கிராம், 40 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் கருகிவிடும். சிமெண்ட் தரையில் பட்டால் துருக்கறை போகவே போகாது, கவனம். புளிப்பும் நிழலும் இறுகிய மண்ணும் அப்படியே இருந்தால் அடுத்த ஜூலையில் பாசி திரும்பும். தோட்ட ஃபோர்க்கால் சாண் இடைவெளியில் 10 செ.மீ. ஆழம் குத்தி மண்ணை இளக்குங்கள். சைப்ரஸ் மரத்தடியில் கிக்குயுவை வளர்க்கப் போராடாதீர்கள். அந்த இடத்தைப் பெரணிக்கு விட்டுவிடலாம்.

உறைபனி நாட்களில் விடியலில் புல்மேல் நடக்கவே வேண்டாம். உறைந்த இலை மிதிபட்டு நசுங்கும், காலடித் தடம் பழுப்பாக வாரக்கணக்கில் நிற்கும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் செய்வதுபோல வெயில் ஏறும் முன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்தால் கருகல் குறையும். வீட்டில் அதற்குத் தண்ணீர் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மேலே காய்ந்தாலும் மண்ணுக்குள் தண்டு உயிரோடு இருக்கும், கோடை மழைக்குத் துளிர்க்கும். பிப்ரவரி, மார்ச் வறட்சிக்கும் இதே கதைதான். குடிக்கவே தண்ணீர் லாரியை எதிர்பார்க்கும் மாதத்தில் புல்லுக்கு ஊற்றுவது நியாயமில்லை.

காட்டுப்பன்றி வந்து உழுதுவிட்டுப் போனால் வேலியை மட்டும் பார்க்காமல் மண்ணையும் பாருங்கள். ஓர் அடிச் சதுரம் வெட்டிப் புரட்டினால், ஆங்கில ‘சி’ போலச் சுருண்ட வெள்ளை வேர்ப்புழுக்கள் கிடைக்கலாம். பன்றி தேடி வருவது அவற்றையும் மண்புழுவையும்தான். கோடை மழைக்குப் பிறகு இந்தப் புழுக்கள் வண்டாகி வெளிவரும் வாரங்களில், மாலையில் ஒரு பல்பின் கீழே மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தட்டு வைத்தால் நிறைய விழும். சென்ட்டுக்கு 2 கிலோ வேப்பம்புண்ணாக்கும் தூவலாம்.

பூப்பாத்தி ஓரத்தில் 15 செ.மீ. ஆழக் கால்வாய் வெட்டிவைத்தால், தாண்டிவரும் கொடியை மாதம் ஒருமுறை கத்தரித்துவிடலாம். அந்தக் கொடியை ஓடைக்கரையிலோ சோலை ஓரத்திலோ கொட்டாதீர்கள். ஒரு கணு மண்ணைத் தொட்டாலே வேர்விட்டு, நம் மலையின் சொந்தப் புல்லை மூடி அழித்துவிடும். சிமெண்ட் தரையில் பரப்பி, மொறுமொறுவெனக் காய்ந்த பிறகே உரக்குழியில் போடுங்கள்.