மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு கேரவனும் 120 லிட்டர் நல்ல தண்ணீரும்

மதுரையிலிருந்து கடலைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் விடிவதற்கு முன் புறப்பட்டு, இராமேசுவரத்தில் தீர்த்தமாடி, தனுஷ்கோடி வரை ஓர் எட்டுப் போய்விட்டு, அன்றிரவே வீடு திரும்பிவிடுவார்கள். என் கணவர் பணி ஓய்வு பெற்றபின், அந்தக் கரையில் அவசரமில்லாமல் ஊர் ஊராகத் தங்கிச் செல்ல வேண்டும் என்று இருவருமே விரும்பினோம். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று, ஆர்.சி. புத்தகத்தில் மாற்றத்தைப் பதிவு செய்து, படுக்கை, சிறிய அடுப்படி, கூரையில் சோலார் பேனல், 120 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றோடு அதைக் கேரவனாக்கினோம். நம் பக்கத்தில் கேரவன் என்றால் படப்பிடிப்புக்கு வருவது என்றே பலரும் நினைக்கிறார்கள். வண்டியை நிறுத்திய ஊர்களில் பிள்ளைகள் ஓடி வந்து, எந்த நடிகர் வந்திருக்கிறார் என்று கேட்டார்கள்.

பொங்கல் முடிந்து, வாடைக் காற்று இன்னும் வீசிக்கொண்டிருந்த தை மாதத்தில் கிளம்பினோம். சாலை நன்றாக இருந்தது, டீசலுக்குக் குறைவில்லை, பகல் வெயிலில் பேட்டரி நிறைந்துவிட்டது. எங்கே தங்குவது, எப்போது குளிப்பது, எந்தப் பாத்திரத்தில் சமைத்தால் கழுவும் வேலை குறையும் என்பதையெல்லாம் முடிவு செய்தது நல்ல தண்ணீர்தான். கடலையே பார்த்துக்கொண்டு போகும் பயணத்தில் மனம் நாள் முழுவதும் நல்ல தண்ணீரைத் தேடிக்கொண்டிருக்கும் என்பதை, அந்தக் கரையில் வண்டியோடு தங்கிப் பார்த்தால்தான் உணர முடியும்.

மதுரையிலிருந்து இராமநாதபுரம் செல்லும் சாலைக்கு வைகையும் வழித்துணையாக வருகிறது. மானாமதுரையில் இறங்கி, குடிதண்ணீருக்கு ஒரு மண்பானை வாங்கிக்கொண்டோம். அந்த ஊர் மண்ணில் செய்யப்படும் கடம் என்னும் இசைக்கருவிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. எங்கள் பானை சாதாரணச் சமையலறைப் பானைதான் என்றாலும், நெளிந்து செல்லும் வண்டியில் ஒரு மரச்சட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, பயணம் முடியும் வரை குளிர்ந்த நீர் கொடுத்தது. வருசநாட்டு மலைகளில் பிறந்து, ஏறத்தாழ 258 கிலோமீட்டர் ஓடும் வைகை, வழியெங்கும் கண்மாய்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டுக் கடைசியில் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்குகிறது. மிஞ்சினால்தான் கடலுக்குப் போகும். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை கைவிடாததால் கண்மாய் நிறைந்து கிடந்தது. அதன் கரையில் நின்று, எங்கள் ஊர் ஆற்றின் நீரைக் கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டுக் கிழக்கே நகர்ந்தோம்.

இராமநாதபுரத்தைத் தாண்டியதும் சாலையோரக் காட்சி மாறுகிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய்கள் வழியாகத் திருச்சிப் பக்கத்துத் தண்ணீர்தான் இந்த மாவட்டத்தின் பல ஊர்களுக்கு வருகிறது. குழாய் வராத நாள்களில், பிளாஸ்டிக் குடங்களை வரிசையாகச் செருகும்படி செய்த தள்ளுவண்டிகளைப் பெண்கள் வெகுதூரம் தள்ளிக்கொண்டு போகிறார்கள். ஒரு குடத்தில் பதினைந்து லிட்டர் என்றால், எங்கள் தொட்டி எட்டுக் குடம். வீட்டுக்கு இரண்டு குடம் கிடைக்கக் காத்திருக்கும் ஒரு பெண்ணுக்குப் பின்னால் நின்று, ஊர்ப் பொதுக்குழாயில் எட்டுக் குடம் பிடித்துக்கொண்டு போவது நியாயமே அல்ல என்று இருவருக்கும் தோன்றியது. ஆகவே ஊர்க்குழாயைத் தொடுவதில்லை, தண்ணீரைத் தங்கும் விடுதிகளிலோ லாரித் தண்ணீர் விற்பவர்களிடமோ காசு கொடுத்தே வாங்குவது என்று முடிவு செய்து, அதைக் கடைசி வரை கடைப்பிடித்தோம். கேரவனில் கிளம்புகிற எல்லோரும் இப்படிச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பாம்பனில் சாலைப் பாலத்தில் மெதுவாகப் போகும்போது, 1914-ல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட, நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும் புதிய பாலமும் கண்ணில் பட்டன. தீவுக்குள் நுழைந்ததும் தங்கச்சிமடத்தில் வில்லூண்டி தீர்த்தத்துக்குப் போனோம். சீதையின் தாகம் தீர்க்க இராமன் வில்லை ஊன்றிய இடம் என்று ஊர் சொல்கிறது. கரையிலிருந்து நீளும் நடைபாதையின் முனையில், சுற்றிலும் உப்புக் கடல் இருக்க, நடுவில் உள்ள கிணற்றில் குடிக்கத்தக்க நீர் இருக்கிறது. இராமநாதசுவாமி கோயிலுக்குள்ளும் 22 தீர்த்தங்கள் இருக்கின்றன. கடலுக்கு அவ்வளவு அருகில் இத்தனை கிணறுகள் உவர்க்காமல் இருப்பதைப் பக்தியோடு வணங்கலாம். நிலத்தின் அமைப்பை எண்ணி வியக்கவும் செய்யலாம். எனக்கு இரண்டும் ஒன்றாகவே நிகழ்ந்தன.

தனுஷ்கோடியில் இரவு தங்க அனுமதி இல்லை. மாலையில் எல்லா வண்டிகளையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே காலையிலேயே போய்விட்டோம். 1964 டிசம்பரில் புயல் இந்தத் துறைமுக நகரை அழித்து, பயணிகளோடு வந்த ரயிலையும் கொண்டுபோனது. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பிறகும், மீனவக் குடும்பங்கள் சில அங்கேயே குடிசைகளில் வாழ்கின்றன. இடிந்த தேவாலயத்துக்கு அப்பால் ஒரு பெண் மணலில் கையளவு ஆழத்துக்குத் தோண்டிய ஊற்றிலிருந்து, கொட்டாங்குச்சியால் நீரை அள்ளிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, "குடிச்சுப் பாருங்கக்கா, கொஞ்சம்கூடக் கரிக்காது" என்று நீட்டினார். உண்மையாகவே கரிக்கவில்லை. இன்னும் ஆழமாகத் தோண்டினால் அதிகம் கிடைக்காதா என்று என் கணவர் கேட்டார். "ஆழமாத் தோண்டுனா உப்பாயிரும் ஐயா, மேலாப்புலயே அள்ளணும்" என்றார் அவர்.

அவர் சொன்னது நிலத்தடி நீரியல் சொல்லும் அதே விதிதான். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருப்பதால், அது நன்னீரைவிடச் சற்றே கனமானது. மணலில் இறங்கும் மழைநீர், கீழே ஊறி நிற்கும் கடல்நீரோடு எளிதில் கலந்துவிடாமல், பாலின் மேல் ஆடை படிந்ததுபோல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை அது கடல்நீரைத் தள்ளி வைக்கும் என்பது கணக்கு. இரு புறமும் கடல் நெருக்கும் தனுஷ்கோடி போன்ற ஒடுங்கிய மணல்திட்டில் மேலே நிற்பதே சில விரற்கடை என்பதால், கீழேயுள்ள அடுக்கும் மெல்லியதாகவே இருக்கும். மோட்டார் வைத்து இழுத்தால் உப்பு மேலே ஏறிவிடும். கொட்டாங்குச்சியால் அள்ளினால் ஊற்று நிலைக்கும்.

அன்று அதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் கழிவுநீரைப் பற்றி இருவரும் நீண்ட நேரம் பேசினோம். பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரைக் கடற்கரை மணலில் திறந்துவிட்டால் கண் முன்னால் உறிஞ்சப்பட்டுச் சுத்தமாக மறைந்துவிடுகிறது. கடலுக்குத்தானே போகும் என்று தோன்றும். அது கடலுக்குப் போவதற்கு முன் அந்தப் பெண் அள்ளும் மேலாப்பு நீரில்தான் கலக்கிறது. எங்கள் வண்டியின் அடியில் கழிவுநீருக்கென்று தனித்தொட்டி இருந்தது; அதையும், கழிப்பறைப் பெட்டியையும், விடுதிகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் கேட்டு, அங்குள்ள கழிப்பறையில் மட்டுமே காலி செய்தோம். கரையோரத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாகத் தெற்கே சென்ற சாலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இடப்புறம் பனைகளும் உடைமரங்களும், அவற்றுக்கு அப்பால் வாடைக் காற்றுக் காலத்தில் அமைதியாகிவிடும் மன்னார் வளைகுடாவுமாக அது நீண்டது. வேம்பாரில் கருப்பட்டி வாங்கினோம். தூத்துக்குடியில் மழைநீர் வடிந்த உப்பளங்களைப் பாத்தி கட்டித் தயார் செய்துகொண்டிருந்தார்கள். நாங்கள் மூன்று நாள் மழை பெய்தால் நல்லது என்று எண்ணிய அதே வானத்தைப் பார்த்து, அங்கே வேலை செய்கிறவர்கள் மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

திருச்செந்தூரில் நாழிக்கிணற்றைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. கடலுக்கு எதிரே படிகளில் இறங்கினால், பெரிய கிணற்றுக்குள் ஒரு சிறு கிணறு. அதில் உவர்க்காத நீர். ஆனால் எங்களை அதிகம் ஈர்த்தது, ஊருக்கு உள்ளே தள்ளியிருக்கும் தேரிக்காடு. குதிரைமொழித் தேரியின் செம்மணல் மேடுகள் மழையை ஓடவிடாமல் அப்படியே உள்வாங்கிக்கொள்கின்றன. உள்ளே இறங்கிய நீர் மெல்ல நகர்ந்து, மேடுகளின் அடிவாரத்தில் சுனையாகக் கசிகிறது. மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் அப்படியொரு சுனையை ஒட்டித்தான் இருக்கிறது. மரநிழலில் குளிர்ந்து கிடந்த அந்த நீரைப் பார்த்தபோது, சுனையைக் காப்பதற்கென்றே ஒரு தெய்வத்தை நிறுத்திய முன்னோர்கள்மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டாயிற்று. செம்மணலை அள்ளிக்கொண்டு போகவிட்டால் இந்தச் சுனைகளும் போய்விடும்.

தூத்துக்குடி, அருப்புக்கோட்டை வழியாக நான்கு வழிச்சாலையில் மதுரைக்குத் திரும்புவது எளிது. இந்தப் பயணத்துக்குத் தையும் மாசியும் ஏற்ற மாதங்கள். பங்குனி பிறந்துவிட்டால் கேரவனுக்குள் வெப்பம் தாங்காது, ஊருணிகளும் வற்றத் தொடங்கிவிடும். இருவருக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்று கணக்கிட்டு, தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு எஞ்சியிருக்கும்போதே அடுத்து நிரப்பும் இடத்தைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது. கடற்காற்றின் உப்பு வண்டியின் அடித்தகட்டை அரித்துவிடும் என்பதால், வீடு வந்த மறுநாளே அடிப்பாகத்தை நன்னீரால் கழுவியாக வேண்டும். அதற்கு நாங்கள் துணி அலசிய தண்ணீரைச் சேர்த்து வைத்துப் பயன்படுத்தினோம்.