ஒய் என்று ஓர் எழுத்து

ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபனுக்கு நான் போனது போடன்சே ஏரியையும் செப்பலின் அருங்காட்சியகத்தையும் பார்க்க. திரும்பும்போது, கூட வேலை பார்க்கும் ஜெர்மன் நண்பர் தன் செஸ்னா 182 சிறு விமானத்தில் ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் இறக்கிவிடுவதாகச் சொன்னார். டிக்கெட்டுக்குப் பதிலாக, பயண விவரங்களை முன்கூட்டியே தெரிவிக்கும் பிளைட் பிளான் படிவத்தை நான் நிரப்பித் தர வேண்டுமாம்.

முதல் நாள் சாயங்காலமே உட்கார்ந்தோம். மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் பறக்கும் ஐ.எஃப்.ஆர் பயணம் என்றால், கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பாவது திட்டம் போய்ச் சேர வேண்டும். 120 மணி நேரத்துக்கு முன்பு அனுப்பினால் வாங்க மாட்டார்கள். காலை 11 மணிக்குக் கிளம்புகிறோமே என்று 1100 என்று போட்டேன். "அது மதியம் ஒரு மணி" என்றார். படிவத்தில் எல்லாமே யூ.டி.சி என்ற உலகப் பொது நேரம், ஏப்ரலில் ஜெர்மனி அதற்கு இரண்டு மணி முன்னால் ஓடுகிறது. அடித்துவிட்டு 0900 என்று எழுதினேன்.

அடுத்து எட்டாவது கட்டம், எந்த முறையில் பறக்கிறோம் என்பதற்கான எழுத்து. ஐ.எஃப்.ஆர்தானே என்று 'ஐ' போட்டு அனுப்பினேன். ஐரோப்பா முழுவதற்குமான ஐ.எஃப்.ஆர் திட்டங்களை யூரோகன்ட்ரோல் என்ற வான்போக்குவரத்து அமைப்பின் கணினிதான் சரிபார்க்கிறது. ஏற்றால் 'ஏ.சி.கே', தள்ளினால் 'ஆர்.ஈ.ஜே'. எனக்கு ஆர்.ஈ.ஜே. இந்த இறங்குதளத்தில் ஐ.எஃப்.ஆர் இயக்கத்துக்கு அனுமதி இல்லையாம்.

நாங்கள் போக வேண்டிய எகெல்ஸ்பாஹ், கண்ணால் தரையைப் பார்த்து மட்டுமே இறங்கக்கூடிய வி.எஃப்.ஆர் தளம். ஜெர்மன் வான்போக்குவரத்தை நடத்தும் டி.எஃப்.எஸ்ஸின் தலைமையகம் பக்கத்து ஊரான லாங்கனில்தான் இருக்கிறது! விளக்கடியில் இருட்டு.

அதனால் எட்டாவது கட்டத்தில் 'ஒய்' போட வேண்டும்: ஐ.எஃப்.ஆரில் தொடங்கி வி.எஃப்.ஆரில் முடியும் பயணம். அங்கிருந்து கிளம்புவோருக்கு அதற்கு நேர்மாறான 'இசட்'. எழுத்தை மாற்றினால் மட்டும் போதாது. எந்தப் புள்ளியில் கருவியை விட்டுக் கண்ணுக்கு மாறுகிறோம் என்பதை வழித்தடத்தில் எழுதி, பக்கத்தில் வி.எஃப்.ஆர் என்று குறிக்க வேண்டும். நாளைக்கு மேகம் எங்கே நிற்கும் என்று இன்றைக்கே எப்படித் தெரியும்? கேட்டேன். "தெரியாது. அதற்குத்தான் மான்ஹைம்" என்றார். கருவிவழி இறங்க முடிகிற மான்ஹைமை மாற்றுத்தளமாக எழுதினோம். இந்த முறை ஏ.சி.கே வந்தது. உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை.

காலையில் நான் இரண்டாவது காபிக்கு ஆசைப்பட்டேன். குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போனால் தாமதச் செய்தி அனுப்பியாக வேண்டும் என்றார். காபி பாதியில் நின்றது.

ஏரி பின்னால் போனதும் ஷ்வேபிஷ் ஆல்ப் மலைமேல் மேகத்துக்குள் நுழைந்தோம். எட்டாயிரம் அடி, சுற்றிலும் ஒரே வெள்ளை. சாய்கிறோமா, நேராகப் போகிறோமா என்றுகூட உடம்புக்குத் தெரியவில்லை. நண்பர் வெளியே பார்க்கவே இல்லை.

ஸ்டுட்கார்ட்டைத் தாண்டி இறங்கத் தொடங்கினோம். ராடாரில் இருப்பவர் ஓர் அளவுக்குக் கீழே இறக்க மாட்டார். அந்த உயரத்தில் தரை தெரியாவிட்டால் மான்ஹைம்தான். அந்த அளவுக்கு வந்தபோதும் ஜன்னலில் பஞ்சுதான். நான் மான்ஹைமிலிருந்து ரயில் எத்தனை மணிக்கு என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கிழிசல் ஒன்று தெரிந்தது. அதில் ஈரமான வயல், அப்புறம் ஏ5 நெடுஞ்சாலை. நண்பர் ஐ.எஃப்.ஆரை ரத்து செய்வதாக ரேடியோவில் சொன்னார். ராடாருக்கு நம்மை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில், வி.எஃப்.ஆருக்கான 7000 என்ற எண்ணைப் போடச் சொன்னார்கள். அதன்பின் மேகத்துக்குள் போகாமல் இருப்பது எங்கள் பாடு. 2019 மார்ச் 31 அன்று இதே எகெல்ஸ்பாஹுக்கு இறங்க வந்த எபிக் எல்.டி விமானம் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். இதை நண்பர் தரையிறங்கிய பிறகுதான் சொன்னார். நல்லவேளை.

1,400 மீட்டர் ஓடுபாதை. இறங்கி நிறுத்தியதும் நான் பெல்ட்டைக் கழற்றினேன். அவர் போனை எடுத்தார். கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள இடத்தில் இறங்கினால் பிளைட் பிளான் தானாக முடிந்துவிடும். இங்கே பைலட்தான் முடித்து வைக்க வேண்டும். வந்துசேர வேண்டிய நேரம் தாண்டி அரை மணி ஆகியும் தகவல் இல்லையென்றால் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

"இறங்கிய நேரம் என்ன?" என்று என்னைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்து, "12:20" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, போனில் "10:20" என்றார்.