முட்டியைப் பிடித்திருப்பவை

மே 18
கபடியில் விழுந்து பத்து நாளாகிறது. பிடிக்க வந்தவனிடம் தப்பத் திரும்பினேன். பாதம் மண்ணில் ஊன்றியபடி இருக்க, தொடை மட்டும் திரும்பியது. இடது முட்டிக்குள் ‘டப்’பென்று சத்தம். வீடு போய்ச் சேர்வதற்குள் பனங்காய் மாதிரி வீங்கிவிட்டது. இன்று ஸ்கேன் வந்தது. ஏசிஎல், அதாவது முன் சிலுவை நார், பாதி கிழிந்திருக்கிறது. ஆபரேஷன் இப்போது வேண்டாம், பயிற்சி செய்து பார்ப்போம் என்றார் டாக்டர். தெருவில் எல்லாரும் ‘ஜவ்வு போயிட்டு’ என்கிறார்கள்.

மே 21
பிசியோ அக்கா ஒரு பிளாஸ்டிக் முட்டியைக் கையில் கொடுத்தார். இடுப்பில் தொடை எலும்பு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். முட்டியில் கிண்ணம் கிடையாது. தொடை எலும்பின் உருண்டையான கீழ்முனை, ஏறக்குறைய தட்டையான கீழ்க்கால் எலும்பின்மேல் நிற்கிறது; நடுவே பிறை போல இரண்டு குருத்தெலும்பு. பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் நார்கள் முட்டி பக்கவாட்டில் மடங்காமல் தடுக்கின்றன. உள்ளே பெருக்கல் குறி போல இரண்டு: கீழ்க்கால் முன்னால் நழுவாமல் ஒன்று, பின்னால் போகாமல் மற்றது. எனக்குப் போனது முன்னது.

ஜூன் 2
முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து அமுக்க வேண்டும். முட்டிச் சில்லுக்குச் சற்று மேலே, உள்பக்கம், கண்ணீர்த்துளி போல ஒரு தசை. வலது காலில் கல்லாக இறுகுகிறது. இடது காலில் அந்தத் தசைமேல் விரலை வைத்துக்கொண்டு முட்டியை அமுக்கினேன், அமுக்கினேன். பிசைந்த மாவு மாதிரிக் கிடந்தது. முட்டி வீங்கியிருந்தால் தொடைத் தசை சரியாக வேலை செய்யாதாம். நார் கிழிந்ததைவிட இதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பத்தாவது தடவையோ என்னவோ, விரலுக்கடியில் லேசாக ஒரு துடிப்பு. அம்மாவைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

ஜூன் 20
இன்று பின்தொடை. முன்தொடையின் நான்கு தசைகளும் காலை நீட்டும்போது கீழ்க்காலை முன்னால் இழுக்கப் பார்க்கும். பின்தொடைத் தசை பின்னால் இழுக்கும். முன் நார் செய்கிற வேலையும் அதுதானே! நம் ஊர்ப் பையன்கள் பஸ்கியோடு நிறுத்திவிடுகிறார்கள். கால் சரியானதும் மைதானத்துக்குப் போய் இதைச் சொல்ல வேண்டும்.

ஜூலை 12
ஆச்சியோடு குறுக்குத்துறை, தாமிரபரணிப் படித்துறை. படி ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். முன்தொடை நீண்டுகொண்டே உடம்பு எடையைத் தாங்க வேண்டும். ‘மெள்ள எறங்குல, நான் புடிச்சிக்கிடுதேன்’ என்றாள் ஆச்சி. ஏழாவது படியில் தண்ணீர் காலைத் தொட்டது. முட்டி நழுவவில்லை.