ஏலக்காய் ஸ்டோருக்கு நாங்களே செய்த அலாரம்

இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டுப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. எடுத்த காயை ஸ்டோரில், அதாவது காயை உலர்த்தும் அறையில், பரப்பினால் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் விறகு எரிய வேண்டும். சூடு 45 முதல் 55 டிகிரிக்குள் நிற்க வேண்டும். ஏறினால் பச்சை நிறம் போய் விலை விழும். இறங்கினால் காய் காயாது. இதற்காக ஒருவர் விடிய விடியக் கண் விழிக்க வேண்டியிருந்தது.

தானியங்கிக் கருவிக்கு விலை விசாரித்தோம். சின்ன ஸ்டோருக்குக் கட்டுப்படியாகவில்லை. எத்தனை பேர் வாங்குவார்கள் என்று பார்த்துத்தான் கம்பெனி விலை வைக்கும். எங்களுக்கோ ஒரே ஒரு கருவி ஓடினால் போதும், போட்ட காசு காயின் நிறத்திலேயே திரும்பிவிடும். எம்.ஐ.டி. பேராசிரியர் எரிக் வான் ஹிப்பெல் பல ஆண்டுகளாக எழுதிவருவது இதைத்தான்: தயாரிப்பவருக்கு ஆதாயம் விற்றால்தான், பயன்படுத்துபவருக்கு அது உழைத்தாலே ஆதாயம்.

2005-இல் இத்தாலியில் தொடங்கிய அர்டுயினோ என்ற சின்னக் கணினி போர்டின் வரைபடம் எல்லோருக்கும் திறந்தது. அதனால் அதே மாதிரி போர்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. அதை வைத்து, சூடு அளவு தாண்டினால் மணி அடிக்கும் அலாரத்தை நாங்களே செய்தோம். சூட்டை அளக்கும் டிஎஸ்18பி20 சென்சார்கள் பலவற்றை ஒரே ஒயரில் கோக்கலாம். நிரலும் யாரோ எழுதிப் பொதுவில் வைத்ததுதான்; தேனியில் பாலிடெக்னிக் படிக்கும் அக்கா மகன் எங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொடுத்தான்.

சென்சாரை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. அதைத் தீர்த்தவர் ஸ்டோர் பார்க்கும் அண்ணன். “கதவுப் பக்கம் வேண்டாம் தம்பி, சூட்டுக் குழாய் திரும்புற அந்த மூலைக் காய்தான் முதல்ல கருகும்” என்று தொட்டுக் காட்டினார். அந்த அறிவை எந்தக் கம்பெனி எங்கே போய் வாங்கும்?

வேலை செய்ததும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கு அப்படியே கொடுத்தோம். “வித்தா காசாச்சே?” என்றார்கள். இதை விற்கக் கடை போட்டு, ரிப்பேருக்கு ஓடுவது எங்களால் ஆகாது. கொடுத்ததால் எங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. வந்ததோ நிறைய: ஒருவர் கரண்ட் போனாலும் ஓட பேட்டரி சேர்த்தார், இன்னொருவர் ஒயர் இழுத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலேயே மணி அடிக்க வைத்தார். இரண்டும் இப்போது எங்கள் ஸ்டோரிலும் இருக்கின்றன. இந்த மலைக்கு இது புதிதும் அல்ல. தோட்டம் தோட்டமாகப் பரவிய ஞள்ளானி ஏலக்காய் ரகமே கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்ததுதானே.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க மட்டும் இன்னும் காயைக் குலுக்கிச் சத்தம் கேட்கிறோம். அடுத்த எடுப்பில் ஒரு தட்டைத் தராசில் தொங்கவிட்டு, எடை குறைவதை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கப்போகிறோம். யாராவது ஏற்கெனவே செய்திருந்தால் சொல்லுங்கள்.