ஒத்தக்கடை வழியே போகும்போது

மதுரையில் மேலூர் சாலையில் ஒத்தக்கடையைக் கடக்கும்போதெல்லாம், 2004 முதல் அங்கே இயங்கிவரும் உயர் நீதிமன்றக் கிளையைப் பார்த்ததும் எனக்கு 1991 ஜனவரி 30 நினைவுக்கு வரும். ஆளுநர் பர்னாலா அறிக்கை அனுப்ப மறுத்தபோதும், மாநில அரசைக் கலைக்க வழிசெய்யும் அரசமைப்பின் 356-ஆம் பிரிவில், ஆளுநரின் அறிக்கை என்பதை அடுத்து வரும் ‘அல்லது வேறு வகையில்’ என்ற சொற்களைப் பற்றிக்கொண்டு, சட்டமன்றத்தில் பெரும்பான்மை பெற்றிருந்த தமிழ்நாட்டு அரசை ஒன்றிய அரசு கலைத்தது. கீழமாசி வீதிக் கடையில் வானொலியில் செய்தி கேட்ட என் தந்தை, “நாம போட்ட ஓட்டுக்கு என்னய்யா மதிப்பு?” என்று கேட்டார்.

அதற்கான விடையை 1994-இல், ஆட்சி கலைக்கப்பட்ட கர்நாடக முதல்வர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த பொம்மை வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு பெருமளவு தந்தது. பெரும்பான்மை சோதிக்கப்பட வேண்டிய இடம் ஆளுநர் மாளிகையன்று, சட்டமன்றமே என்றும், நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் அளிக்கும்வரை சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாது என்றும், குடியரசுத் தலைவரின் பிரகடனமும் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டதே என்றும் அத்தீர்ப்பு கூறியது. நிர்வாகத்தின் ஒரே கையெழுத்தில் முடிந்துகொண்டிருந்த செயலுக்குள் நாடாளுமன்றத்தையும் நீதிமன்றத்தையும் உறுதியாக நிறுத்திய அத்தீர்ப்பை, மாநில உரிமைக்குக் கிடைத்த மிகப் பெரிய காப்பாக நான் கருதுகிறேன். ஆளுநர் பதவியைப் பற்றிய கேள்விகள் இன்னும் தீரவில்லை. அதைத் தனியே எழுத வேண்டும்.